‘லாஸ்ட் கிறிஸ்மஸ்’ பாட்டு: கேட்டீர்கள், சொல்கிறேன்

மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறேன். வாம் (Wham!) என்ற பிரிட்டிஷ் பாப் இசைக் குழுவின் ‘லாஸ்ட் கிறிஸ்மஸ்’ இல்லாமல் எங்களுக்கு ஒரு டிசம்பரும் கழிந்ததில்லை. அந்தப் பாட்டைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் இதோ.

ஒரு மணி நேரத்தில் பிறந்த பாட்டு என்கிறார்களே, உண்மையா சார்?

மெட்டைப் பொறுத்தவரை உண்மை. 1984இல் ஒருநாள் வாம் குழுவின் இருவரான ஜார்ஜ் மைக்கேலும் ஆண்ட்ரூ ரிட்ஜ்லியும் ஜார்ஜின் பெற்றோர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜார்ஜ் திடீரென்று எழுந்து மாடிக்குப் போனார். ஒரு மணி நேரம் கழித்துப் பூரிப்போடு இறங்கி வந்து ஆண்ட்ரூவை மேலே கூட்டிப்போனார். சிறுவயதில் அவர் இருந்த அறை அது, ஒரு கீபோர்டு கிடந்தது. அதில் முகப்பு இசையையும் பல்லவி மெட்டையும் வாசித்துக் காட்டினார். இதை ஆண்ட்ரூவே பின்னால் சொல்லியிருக்கிறார்.

ஒலிப்பதிவில் யார் யார் வாசித்தார்கள்?

எனக்கு மிகப் பிடித்த கேள்வி. எல்லாவற்றையும் ஜார்ஜ் ஒருவரே வாசித்தார். லண்டனில் அட்விஷன் ஸ்டுடியோ, ஆகஸ்ட் மாதம், வெளியே கோடை வெயில். உள்ளே கிறிஸ்மஸ் தோரணம் கட்டியிருந்தார்கள். பொறியாளர் கிறிஸ் போர்ட்டரும் உதவியாளர்களும் மட்டும் கூட இருந்தார்கள். லின்டிரம் என்ற தாள இயந்திரம், ரோலண்ட் ஜூனோ-60 சிந்தசைசர் என்ற மின்னணுக் கீபோர்டு, பனிவண்டியில் கட்டும் சலங்கை மணிகள், அவ்வளவுதான் வாத்தியங்கள். ஜார்ஜ் தேர்ந்த கீபோர்டு கலைஞர் இல்லை. இரண்டு மூன்று விரல்களால்தான் வாசித்தார், வேலை மெதுவாகத்தான் நகர்ந்தது என்று போர்ட்டர் சொல்லியிருக்கிறார். ஆனாலும் இன்னொருவரைக் கூப்பிடவில்லை. தன் மனதில் கேட்டது அப்படியே வர வேண்டும் என்ற பிடிவாதம். அப்போது அவருக்கு வயது 21.

அண்ணா, இப்போதுதான் கீபோர்டு கற்றுக்கொள்கிறேன். இந்தப் பாட்டு கஷ்டமா?

இல்லை தம்பி, தாராளமாக இதிலேயே ஆரம்பிக்கலாம். பாட்டு முழுக்க நான்கே கார்டு (சில சுரங்களைச் சேர்த்து ஒன்றாக அழுத்துவது): டி மேஜர், பி மைனர், ஈ மைனர், ஏ மேஜர். பல்லவிக்கும் அதுதான், சரணத்துக்கும் அதுதான். முதலில் டி மேஜரைப் பிடி. இப்போது ‘ஏ’ மேல் இருக்கும் சுண்டுவிரலை மட்டும் ‘பி’க்கு நகர்த்து. மற்ற இரண்டு விரலும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். பி மைனர் வந்துவிட்டது. ஒரே ஒரு விரல் நகர்ந்ததில் அந்தச் சந்தோஷத்தின் மேல் ஒரு நிழல் விழுகிறதே, கேட்டாயா? பாட்டின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

காதல் தோல்விப் பாட்டுதானே? பண்டிகைக்கு எப்படிப் பொருந்துகிறது?

போன கிறிஸ்மஸுக்கு இதயத்தைக் கொடுத்தேன், மறுநாளே நீ அதை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டாய் என்பதுதான் பல்லவி. சோகம்தான். ஆனால் மேலே சலங்கை ஒலிக்கிறது, தாளம் ஆடவைக்கிறது. நம் வீடுகளில் பண்டிகை நாள் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். புதுத்துணி, பலகாரம், விருந்தாளிகள். நடுவில் போன வருஷம் இருந்த ஒருவர் இந்த வருஷம் இல்லையே என்ற நினைப்பு வரும், அதையும் வைத்துக்கொண்டுதான் எல்லோருக்கும் பரிமாறுவோம். அந்த மனநிலையை இவ்வளவு சரியாகப் பிடித்த பண்டிகைப் பாட்டு எனக்குத் தெரிந்து வேறில்லை.

வந்தவுடனே முதலிடம் பிடித்ததா?

இல்லை அம்மா. 1984 டிசம்பர் 3 அன்று வெளியானது. பிரிட்டனின் வாராந்திரப் பாட்டுப் பட்டியலில் இரண்டாம் இடத்தோடு நின்றுவிட்டது. முதலிடத்தில் இருந்தது எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காகப் பலர் சேர்ந்து பாடிய பேண்ட் எய்ட் பாட்டு. அதில் ஜார்ஜும் பாடியிருந்தார்! தங்கள் பாட்டின் ராயல்டியையும் வாம் அதே நிவாரணத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்தச் செயலுக்காகவே அவர்கள் மேல் எனக்குத் தனி மரியாதை.

முதலிடம் கிடைத்தது 2021 ஜனவரி 1 அன்று, 36 வருஷம் கழித்து. கிறிஸ்மஸ் வாரத்தில் முதலிடம் 2023இல்தான் வந்தது, 2024இலும் அதே இடம். முன்பெல்லாம் இசைத்தட்டு விற்றால்தான் கணக்கு. 2014இலிருந்து இணையத்தில் கேட்பதையும் பிரிட்டனில் சேர்த்தார்கள். வீட்டில் ஏற்கெனவே தட்டு வைத்திருப்பவர் மறுபடி வாங்கமாட்டார், ஆனால் மறுபடி கேட்பார். பழைய பாட்டுகள் ஒவ்வொரு டிசம்பரும் பட்டியலில் ஏறுவதற்கு அதுதான் காரணம்.

மெட்டு திருடியது என்று வழக்கு வந்ததாமே?

வந்தது, நிற்கவில்லை. இதேபோன்ற கார்டு வரிசையும் மெட்டும் உள்ள பாட்டுகள் ஏற்கெனவே அறுபதுக்கு மேல் இருப்பதை இசை வல்லுநர் ஒருவர் எடுத்துக்காட்டினார்.

வீடியோ எங்கே எடுத்தது?

சுவிட்சர்லாந்தில் சாஸ்-ஃபே என்ற மலையூரில், 1984 நவம்பரில். ஒன்றைக் கவனியுங்கள்: போன வருஷம் ஜார்ஜ் அந்தப் பெண்ணுக்குக் கொடுத்த ப்ரூச் (உடையில் குத்திக்கொள்ளும் அலங்கார ஊசி), இப்போது ஆண்ட்ரூவின் உடையில் இருக்கும். வசனமே இல்லாமல் கதை முழுக்கப் புரிந்துவிடுகிறது.

நம் ஊர் ‘இளமை இதோ இதோ’ மாதிரி என்று சொல்லலாமா?

காலண்டரோடு திரும்பி வருவதில் சரி. 1982இல் ‘சகலகலா வல்லவன்’ படத்துக்கு இளையராஜா இசையில் எஸ்.பி.பி. பாடியது, இன்றும் புத்தாண்டு இரவு அது இல்லாமல் விடிவதில்லை. ஆனால் அது முழுக் கொண்டாட்டம், இதைப் போல உள்ளே அழுவதில்லை.

ஜார்ஜ் மைக்கேல் இறந்ததும் கிறிஸ்மஸ் அன்றுதானா?

ஆமாம். 2016 டிசம்பர் 25, வயது 53. முந்தின இரவுதான் ஒரு மேடையில் இதை வாசித்துவிட்டு வந்திருந்தோம். 26 காலையில் செய்தியைப் பார்த்ததும் கீபோர்டை உறையிலிருந்து எடுத்து அந்த நான்கு கார்டையும் கொஞ்ச நேரம் வாசித்துக்கொண்டிருந்தேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

எங்கள் சர்ச் இளைஞர் குழு கேரல் இரவில் பாடப்போகிறோம். ஒரு யோசனை சொல்லுங்கள் அண்ணா.

வேகத்தைக் கூட்டாதீர்கள். டிரம்ஸ்காரரிடம் ரோல் (வேகமாக உருட்டி அடிப்பது) வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். சலங்கையை ஒரு சின்னப் பிள்ளை கையில் கொடுங்கள், கடைசிவரை தாளம் தப்பாமல் ஆட்டினால் போதும். பாடுகிறவர் குரலை உயர்த்த வேண்டியதில்லை, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வதுபோலப் பாடட்டும்.