கையெழுத்து எந்தக் கட்டத்தில் இருக்கிறது?

கேள்வி: நான்கு மாதத்துக்கு முன் அப்பா தவறிவிட்டார். சிவில் இன்ஜினீயராக 36 வருடம் வேலை பார்த்தவர். வீடுதான் அவருக்கு உலகம். அவரைப் பற்றிச் சிறு புத்தகம் ஒன்று போட்டு, உறவினர்களுக்கும் கூட வேலை செய்தவர்களுக்கும் கொடுக்க ஆசை. எழுத உட்கார்ந்தால் ‘அன்பானவர், நேர்மையானவர், உழைப்பாளி’ என்பதோடு நின்றுவிடுகிறது. அவருடைய நோட்டுகள், சுருட்டி வைத்த டிராயிங்குகள், போன் எல்லாம் அலமாரியில் அப்படியே இருக்கின்றன. எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: அன்புள்ள மகளுக்கு,

அந்த மூன்று வார்த்தையும் உண்மைதான். ஆனால் எந்த அப்பாவுக்கும் அவை பொருந்தும். அதனால்தான் பேனா நகரவில்லை. உங்கள் அப்பாவுக்கு மட்டுமே பொருந்துவது அந்த அலமாரியில் இருக்கிறது. எழுதுவதை ஒரு மாதம் தள்ளிவையுங்கள்.

முதலில் போன். இனி எதற்கு என்று அவர் நம்பரை ரத்து செய்துவிடாதீர்கள். மெயில், படங்கள் சேமித்த கணக்கு எதைத் திறந்தாலும் ஓடிபி பெரும்பாலும் அந்த நம்பருக்குத்தான் வரும். திறக்கும் எண் தெரியாவிட்டால் ஊகித்து ஊகித்துப் போட்டுப் பார்க்கவும் வேண்டாம். பல தடவை தவறினால் தரவு அழியும்படி சிலர் அமைத்து வைத்திருப்பார்கள். வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய குரல் பதிவுகளை உங்கள் போன், அம்மா போன் இரண்டிலிருந்தும் எடுத்துக் கணினியில் ஒரு பிரதி, தனி ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பிரதி, வேறு வீட்டில் ஒரு பிரதி வையுங்கள்.

அடுத்தது டிராயிங்குகள். பல வருடம் சுருண்டிருந்த தாளை ஒரே இழுப்பில் விரித்தால் மடிப்பில் கிழியும். சுத்தமான மேசையில் கொஞ்சம் கொஞ்சமாக விரித்து, ஓரங்களில் புத்தகத்தைப் பாரமாக வைத்து, இரண்டு மூன்று நாள் விட்டுவிடுங்கள். செலோ டேப் ஒட்டாதீர்கள், லேமினேட் செய்யவே செய்யாதீர்கள். அமோனியா பிரிண்ட்கள் (அமோனியா ஆவியில் எடுத்த பழைய டிராயிங் நகல்கள்) வெளிச்சத்தில் மங்கும். பக்கத்திலிருக்கும் போட்டோக்களையும் கெடுக்கும். அவற்றைத் தனி உறையில் இருட்டில் வையுங்கள்.

விரித்ததும் வலது கீழ் மூலையைப் பாருங்கள். டிரான் (வரைந்தவர்), செக்டு (சரிபார்த்தவர்), அப்ரூவ்டு (ஒப்புதல் தந்தவர்) என்று சின்னச் சின்னக் கட்டங்கள், பக்கத்தில் தேதி, எத்தனையாவது திருத்தம் என்று சொல்லும் ரிவிஷன் எண். அப்பாவின் சுருக்கக் கையெழுத்து எந்தக் கட்டத்தில் இருக்கிறது? எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கினால், அந்தக் கையெழுத்து ‘டிரான்’ கட்டத்திலிருந்து ‘செக்டு’ கட்டத்துக்கும், பிறகு ‘அப்ரூவ்டு’ கட்டத்துக்கும் நகர்வதைப் பார்ப்பீர்கள். பதவிப் பட்டியல் சொல்லாததை இது சொல்லிவிடும். அதே தேதிகளுக்கு எதிரே வீட்டின் தேதிகளை எழுதுங்கள்: கல்யாணம், நீங்கள் பிறந்தது, பள்ளியில் சேர்ந்தது. நீங்கள் பிறந்த வாரத்தில் ஒரு ரிவிஷன் இருந்தால், அன்று அவர் எங்கே இருந்தார் என்று அம்மாவிடம் கேளுங்கள். புத்தகத்தின் முதல் அத்தியாயம் அந்தப் பதிலிலிருந்தே பிறக்கலாம்.

நோட்டுகளை ஸ்கேன் செய்யும்போது 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி), கிரேஸ்கேல் (சாம்பல் நிறச் சாயல்களோடு). கறுப்பு வெள்ளை முறை வேண்டாம். மெல்லிய பென்சில் கோடுகள் காணாமல் போய்விடும். டிராயிங் பெரிதாக இருந்தால் (ஏ1 தாள் 594க்கு 841 மி.மீ.) ஒரே படத்தில் எண்கள் தெளியாது. பிளாஷ் இல்லாமல், ஜன்னல் வெளிச்சத்தில், போனைத் தாளுக்கு இணையாகப் பிடித்து ஆறு துண்டுகளாக, ஒன்றன் ஓரம் இன்னொன்றில் விழும்படி எடுங்கள். ஓரத்தில் ஓர் ஸ்கேல் வைத்தால் அளவு புரியும்.

கணக்குப் பக்கங்களில் தவறான எண்ணை அவர் எப்படி அடித்திருக்கிறார் என்று கவனியுங்கள். நல்ல பழக்கமுள்ள இன்ஜினீயர் கிறுக்கி மறைக்க மாட்டார். பழைய எண் படிக்கும்படி ஒற்றைக் கோடு, மேலே சரியான எண், ஓரத்தில் கையெழுத்து. அப்படி ஒரு பக்கம் கிடைத்தால் முழுப் பக்கமாகவே போடுங்கள். ‘நேர்மையானவர்’ என்று தனியாக எழுத வேண்டியதில்லை. சைட் டைரிகளின் கடைசிப் பக்கங்களையும் விடாதீர்கள். சிமெண்ட் மூட்டைக் கணக்குக்குக் கீழே ‘பாப்பா ஷூ, அளவு 9’ என்று இருக்கக்கூடிய இடம் அதுதான்.

கூட வேலை செய்தவர்களைச் சீக்கிரம் பாருங்கள், அவர்களுக்கும் வயதாகிறது. ‘அப்பாவைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்றால் ‘தங்கமான மனுஷன்’ என்பதோடு முடிந்துவிடும். ஒரு டிராயிங் பிரதியை முன்னால் வைத்து, “இந்த வேலையில் எது சிக்கலாச்சு? அப்பா எதுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன்னார்?” என்று கேளுங்கள். தேதியை மட்டும் அவர்கள் ஞாபகத்தை நம்பாமல் தாளில் சரிபாருங்கள்.

எழுதும்போது ஒரு எச்சரிக்கை. ‘அப்பா கட்டிய பாலம்’ என்று எழுதினால் அதே பாலத்தில் வேலை செய்த இன்னொருவர் படித்து வருந்துவார். அஸ்திவாரக் கணக்குப் போட்டாரா, சைட்டில் மேற்பார்வை பார்த்தாரா, அதைச் சொல்லுங்கள். இன்ஜினீயருக்கு அதுதான் மரியாதை. டிராயிங்குகள் பெரும்பாலும் நிறுவனத்தின் சொத்து என்பதால், அச்சிடும் முன் அனுமதி கேளுங்கள். உறவினர்களுக்குப் புரியாத சொல்லுக்கு ஒரு வரி விளக்கம் போதும். கியூப் டெஸ்ட் என்றால், போடுகிற கான்கிரீட்டிலிருந்தே எடுத்து 150 மி.மீ. கட்டிகளாக வார்த்து, 7ஆம் நாளும் 28ஆம் நாளும் நசுக்கி, எவ்வளவு பாரம் தாங்குகிறது என்று பார்ப்பது. அந்த 28ஆம் நாள் வரை மனிதர் வீட்டில் எப்படி இருந்தார் என்பது உங்களுக்குத்தானே தெரியும்? அதை எழுதுங்கள். வேலைக்காக அவர் வீட்டில் இல்லாத பிறந்தநாட்களையும் விடாதீர்கள். அவற்றை விட்டுவிட்டால் அவர் திரும்பி வந்த நாட்களின் சந்தோஷம் படிப்பவருக்குப் புரியாது.

புத்தகம் ஏ5 அளவில் 32 அல்லது 40 பக்கம் போதும். நடுவில் பின் அடிப்பதானால் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும். போட்டோக்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிவிடும். ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். 15 செ.மீ. அகலத்தில் தெளிவாக அச்சாக 1800 பிக்சல் வேண்டும். அச்சகத்துக்கு எழுத்துரு பதிந்த பிடிஎஃப் கொடுங்கள், இல்லையென்றால் தமிழ் எழுத்துகள் உடைந்துபோகலாம்.

அம்மாவுக்கு நான்கு பக்கமாவது ஒதுக்குங்கள். எழுதித் தரச் சொல்லாமல் பேசச் சொல்லுங்கள். மின்விசிறியை அணைத்து, போனைத் துணி மடிப்பின்மேல் ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பதிவு செய்யுங்கள். நடுவில் அவர் மௌனமானால் அடுத்த கேள்விக்கு அவசரப்படாதீர்கள். “வந்தாரு, சட்டையக்கூட மாத்தல, உன்னத் தூக்கிட்டாரு” என்று அம்மா சொன்னால், அதை ‘வந்தார், தூக்கினார்’ என்று திருத்தாமல் அப்படியே அச்சுக்குக் கொடுங்கள்.