ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் பெயரும் வினையும் எங்கே கலக்கின்றன?

ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லை அப்படியே வினையாக்குவது போலப் பிரெஞ்சிலும் செய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாது. இரு மொழிகளிலும் பெயர், வினை எல்லை மங்கியிருக்கிறது என்பது உண்மையே ஆயினும், மங்கிய இடமும் காரணமும் வெவ்வேறு.

பழைய ஆங்கிலத்தில் அன்பைக் குறித்த பெயர் ‘லுவு’. அதன் வினை ‘லுவியன்’. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றியதற்குப் பிந்தைய நூற்றாண்டுகளில் இத்தகைய ஈறுகள் தேய்ந்து, 1500 வாக்கில் பெரும்பாலும் உதிர்ந்துவிட்டதால், இரண்டும் ‘லவ்’ என்ற ஒரே வடிவில் வந்து நின்றன. ‘ஹேண்ட்’, ‘ஃபேஸ்’ போன்ற உறுப்புப் பெயர்கள் வினையாக வழங்குவதும் இதனால் எளிதாயிற்று. ‘ரெக்கார்ட்’ போன்ற சில சொற்களில் மட்டும், அழுத்தம் முதல் அசையில் விழுந்தால் பெயர், இரண்டாவதில் விழுந்தால் வினை என்ற வேறுபாடு உண்டு. இவற்றை உண்மையான கலப்பு என்று நான் கொள்ளமாட்டேன். ஏனெனில் வாக்கியத்தில் நிற்கும் இடத்தைப் பார்த்தாலே பெயரா வினையா என்பது தெரிந்துவிடும்.

உண்மையான கலப்பு ‘இங்’ ஈற்றில் இருக்கிறது. ‘ஹிஸ் க்விக் ரீடிங் ஆஃப் த லெட்டர்’ என்னும்போது ‘ரீடிங்’ பெயரடை ஏற்கும் முழுப் பெயர். ‘ஹிஸ் ரீடிங் த லெட்டர் க்விக்லி’ என்றால், முன்னே ‘ஹிஸ்’ என்ற உடைமைச் சொல்லை ஏற்பதால் பெயராகவும், பின்னே செயப்படுபொருளையும் வினையடையையும் ஏற்பதால் வினையாகவும் அதே சொல் ஒரே நேரத்தில் நடந்துகொள்கிறது. (நம் ‘படிப்பு’ ‘வேகமான’ என்பதை ஏற்க, ‘படித்தல்’ ‘கடிதத்தை வேகமாக’ என்பதை ஏற்பதும் இதே வேறுபாடுதான்.) தொடக்கத்தில் பெயராக்கும் விகுதியாக மட்டுமே இருந்த இந்த ‘இங்’, இடைக்கால ஆங்கிலத்தில்தான் வினைக்குணங்களைப் பெற்றது.

பிரெஞ்சில் வினை ஈறுகள் இன்னும் நிற்பதால், பெயரை வினையாக்க விகுதி சேர்த்தாக வேண்டும். ‘தெலெஃபோன்’ என்ற பெயரின் வினை ‘தெலெஃபோனே’. எதிர்த்திசையில், அகராதியில் காணும் வினையின் முதல்வடிவத்தின் முன் (ஆங்கில ‘த’ போன்ற) சுட்டிடைச்சொல் சேர்ந்து பெயராவதுண்டு. ‘இயலுதல்’ எனப் பொருள்படும் ‘புவ்வார்’ அதிகாரத்தையும், ‘செய்ய வேண்டியிருத்தல்’ எனப் பொருள்படும் ‘துவ்வார்’ கடமையையும் குறிக்கும். பழைய பிரெஞ்சில் இந்த வழி தாராளமாகத் திறந்திருந்தது. இன்று அகராதியில் ஏறிவிட்ட சொற்களே பெரிதும் வழங்குகின்றன. அவையும் பன்மை ஈறு ஏற்று முழுப் பெயர்களாகவே ஆகிவிட்டன. ஆங்கில ‘ரீடிங்’ போல இரண்டு பக்கமும் சாய்வதில்லை.

பிரெஞ்சில் எனக்கு மிகவும் பிடித்த மங்கல் வேறொன்று. ‘எனக்குப் பசிக்கிறது’ என்பதற்கு அவர்கள் ‘ஜே ஃபேன்’ என்பார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘என்னிடம் பசி இருக்கிறது’. ‘ஃபேன்’ பெயர்தான். ஆனால் சுட்டிடைச்சொல் இல்லாமல் வினையோடு ஒட்டிக்கொண்டதால், பெயரடைக்கும் வினையடைக்கும் முன் வர வேண்டிய ‘த்ரே’ (மிக) என்ற சொல்லை ஏற்று, அன்றாடப் பேச்சில் ‘ஜே த்ரே ஃபேன்’ என்று ஆகிறது. இங்கே பெயர் வினையாக மாறவில்லை; வினைத்தொடருக்குள் கரைந்து, பெயருக்குரிய குணங்களில் பாதியை இழந்திருக்கிறது.