அலோய்ஸ் அல்சைமர்: கேள்வி பதில்

கேள்வி: அல்சைமர் மனநல மருத்துவரா, நரம்பியல் அறிஞரா?

பதில்: இரண்டும்தான். பவேரியாவில் 1864-இல் பிறந்த அவர், 1888-இல் பிராங்பர்ட் மனநலக் காப்பகத்தில் சேர்ந்து, நோயாளிகளின் பேச்சையும் இறந்தவர்களின் மூளைத் திசுவையும் ஒருசேர ஆராய்ந்தார்.

கேள்வி: அவர் பெயரால் அழைக்கப்படும் மறதி நோயை எப்படிக் கண்டறிந்தார்?

பதில்: முதலில் காதால். 1901 நவம்பரில் அகுஸ்தே டீட்டர் என்ற 51 வயதுப் பெண் காப்பகத்தில் சேர்க்கப்பட்டார். பெயரைக் கேட்டால் "அகுஸ்தே" என்றவர், கணவர் பெயரைக் கேட்டபோதும் அதையே சொன்னார். பன்றி இறைச்சியும் காலிஃபிளவரும் உண்டுகொண்டே, தான் உண்பது கீரை என்றார். அல்சைமர் ஒவ்வொரு கேள்வியையும் பதிலையும் அப்படியே எழுதி வைத்தார். 1906 ஏப்ரலில் அகுஸ்தே இறந்தபோது அல்சைமர் மியூனிக்கில் பணியாற்றினார். மூளையை அங்கே வரவழைத்து, வெள்ளிச் சாயமேற்றிப் பார்த்து, நரம்பணுக்களுக்குள் இழைச் சிக்கல்களையும் வெளியே படிவுகளையும் கண்டார். அவ்வாண்டு நவம்பர் 3-இல் டூபிங்கன் நகரில் நடந்த மனநல மருத்துவர்கள் கூட்டத்தில் இதை விளக்கியபோது ஒருவர்கூடக் கேள்வி எழுப்பவில்லை.

கேள்வி: என் பாட்டி பெயர்களை மறக்கிறார். இது அல்சைமரா?

பதில்: கடிதத்தைப் படித்து நோயைச் சொல்ல இயலாது. தைராய்டு குறைவும், பி12 குறைவும், மனச்சோர்வும்கூட மறதியைத் தரும்; இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. வயதானால் அப்படித்தான் என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: என் தந்தை சாவியை வைத்த இடத்தை மறக்கிறார்...

பதில்: மேலே சொன்னதே உங்களுக்கும். மருத்துவரிடம் செல்லுங்கள்.

கேள்வி: பிராக் நகர மருத்துவர் ஆஸ்கர் பிஷருக்குச் சேரவேண்டிய பெருமை அல்சைமருக்குப் போய்விட்டதே?

பதில்: உங்கள் ஆதங்கம் நியாயமானது. முதுமை மறதி கொண்ட 16 பேரின் மூளைகளை ஆராய்ந்து, 12-இல் அதே படிவுகளைக் கண்டதாக பிஷர் 1907-இலேயே எழுதினார். 1942-இல் நாஜிகளின் தெரேசின் சிறையில் மாண்ட அவரை உலகம் நெடுங்காலம் மறந்திருந்தது.

கேள்வி: அப்படியானால் அல்சைமர் புகழைத் தட்டிப் பறித்தார் என்றுதானே பொருள்?

பதில்: இல்லை, இதை வன்மையாக மறுக்கிறேன். 1910-இல் தம் மனநலப் பாடநூலில் நோய்க்கு அல்சைமரின் பெயரைச் சூட்டியவர், மியூனிக்கில் அவருடைய மேலதிகாரியாக இருந்த மனநல மருத்துவர் கிரெப்ளின். அல்சைமரோ, இது தனி நோய்தானா, முதுமை மறதியின் அரிய வடிவமா என்று 1911-இல் தாமே ஐயம் எழுப்பினார்.

கேள்வி: அகுஸ்தேயைப் பற்றி அல்சைமர் எழுதிய குறிப்புகள் இன்றும் உள்ளனவா?

பதில்: உள்ளன. 1995 டிசம்பரில் பிராங்பர்ட்டில் அந்தக் கோப்பு கிடைத்தது. பெயரை எழுதச் சொன்னபோது அகுஸ்தே "திருமதி" என்று மட்டும் எழுதி, மீதியை மறந்து நின்றார் என்பதும், "என்னையே தொலைத்துவிட்டேன்" என்று அவர் சொன்னதும் அதில் பதிவாகியுள்ளன.