இருபது லட்சம் பயணிகளும் டாலர் தட்டுப்பாடும்

அன்புள்ள ஐயா,

சிறு தீவு நாடுகளின் வணிகம் குறித்து நீங்கள் எழுதிய கட்டுரையில், நிலமும் ஆட்களும் குறைந்த நாடுகள் பொருள்களை விற்று முன்னேறுவது அரிது, சேவைகளை விற்றே முன்னேற முடியும் என்று சொல்லி, மாலத்தீவை எடுத்துக்காட்டியிருந்தீர்கள். எனக்கு ஓர் ஐயம். என் மைத்துனர் தூத்துக்குடியிலிருந்து மாலேக்குத் தோணியில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் ஏற்றி அனுப்புகிறவர். 2024-இல் அங்கே சரக்கு வாங்குகிறவர்கள், வங்கியில் டாலர் கிடைக்கவில்லை என்று சொல்லிப் பணத்தை இழுத்தடித்தார்கள். அதே ஆண்டில் இருபது லட்சம் பேர் அந்நாட்டுக்குச் சுற்றுலா வந்ததாகவும், இந்தியா அதற்கு 40 கோடி டாலர் கைமாற்றாகத் தர ஒப்புக்கொண்டதாகவும் படித்தேன். இத்தனை பேர் டாலரோடு வந்து இறங்கும் நாட்டில் வெங்காயத்துக்குக் கொடுக்க டாலர் இல்லாமல் போவது எப்படி? சேவையை நம்பிப் பிழைப்பது சரியான வழிதானா?

எம். ஆர்.,
தூத்துக்குடி

அன்புள்ள எம். ஆர்.,

உங்கள் மைத்துனரின் தோணியே விடையில் ஒரு பகுதி. மாலேயில் அவர் இறக்கும் ஒவ்வொரு வெங்காய மூட்டைக்கும் அந்த நாடு அந்நியச் செலாவணி கொடுத்தாக வேண்டும். சுற்றுலாப் பயணி அங்கே தின்பதும் குடிப்பதும் உறங்கும் மெத்தையும் குளிரூட்டியை ஓட்டும் டீசலும் ஏறக்குறைய எல்லாமே கப்பலிலோ விமானத்திலோ வந்து இறங்குபவை. ஆகவே மாலத்தீவு சுற்றுலாவில் எவ்வளவு விற்கிறது என்பதோடு, அந்த விற்பனைக்காக எவ்வளவு வாங்குகிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஒரு காலத்தில் அந்தத் தீவுகள் உலகுக்கு விற்றது பெரும்பாலும் மீனைத்தான். நம் கடலோர ஊர்களில் மாசி என்று சொல்கிறோமே, அந்த உலர்ந்த சூரை மீனின் பெரிய சந்தை இலங்கை. 1970-களின் தொடக்கத்தில் தன் செலாவணி நெருக்கடியால் இலங்கை அந்த இறக்குமதியைக் குறைத்தபோது மாலத்தீவின் வருமானம் ஆட்டம் கண்டது. அதே காலத்தில்தான், 1972-இல், மாலேக்கு அருகிலுள்ள குரும்பா தீவில் முதல் ரிசார்ட் திறக்கப்பட்டது. அந்த ஆண்டு வந்தவர்கள் சுமார் ஆயிரம் பேர்; 2024-இல் வந்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். ஒரு தலைமுறைக்குள் தலைக்குரிய வருமானம் இந்தியாவைப் போல நான்கு மடங்கைத் தாண்டியதும், 2011-இல் மிகவும் பின்தங்கிய நாடுகளின் பட்டியலிலிருந்து மாலத்தீவு வெளியேறியதும் இந்தச் சேவை வணிகத்தால்தான். இதை மறந்துவிட்டுச் சிக்கலை மட்டும் பேசுவது அந்த மக்களுக்குச் செய்யும் அநீதி.

சிக்கல் எங்கே தொடங்குகிறது என்று பார்ப்போம். உலக வர்த்தக அமைப்பின் சேவை வணிக உடன்படிக்கை, ஒரு சேவை எல்லை கடக்கும் வழிகளை நான்காகப் பிரிக்கிறது. விற்பவரும் வாங்குபவரும் அவரவர் நாட்டில் இருக்க, சேவை மட்டும் எல்லை கடப்பது முதல் வழி. வாங்குபவர் விற்பவரின் நாட்டுக்கு வருவது இரண்டாவது. விற்பவர் அடுத்த நாட்டில் நிறுவனம் திறப்பது மூன்றாவது. வேலை செய்பவர் அடுத்த நாட்டுக்குப் போய்ச் சேவை செய்வது நான்காவது. ஒரே ஒரு ரிசார்ட் தீவில் இந்த நான்கையும் பார்த்துவிடலாம். பயணி வந்து தங்குவது இரண்டாவது வழி. அது மாலத்தீவின் ஏற்றுமதி. ஆனால் அறையை விற்றுக் கொடுத்துக் கமிஷன் பெறுவது பெரும்பாலும் ஐரோப்பாவிலோ சீனாவிலோ உள்ள பயண முகவரோ ஓர் இணையதளமோதான். ரிசார்ட்டை நடத்துவது பல இடங்களில் பன்னாட்டு விடுதி நிறுவனம். சமைப்பவரும் துப்புரவு செய்பவரும் பெரும்பாலும் பங்களாதேஷ், இந்தியா, இலங்கை, நேபாளத்திலிருந்து வந்தவர்கள். இந்த மூன்றும் மாலத்தீவின் இறக்குமதி. ஒரு வழியில் விற்பதற்காக மற்ற மூன்று வழிகளிலும் வாங்க வேண்டியிருப்பது அந்தத் தொழிலின் அமைப்பிலேயே இருக்கிறது.

ஒரு பில்லையே எடுத்துக்கொள்வோம். தம்பதியர் இருவர் தங்கும் கடல்மேல் குடில் ஒன்றின் ஓரிரவு வாடகை, கணக்குக்காக, 1,000 டாலர் என்று வையுங்கள். அதன் மேல் சேவைக் கட்டணம் 10 விழுக்காடு சேர்ந்தால் 1,100. இந்தத் தொகையின் மீது சுற்றுலாவுக்கான சரக்கு, சேவை வரி 17 விழுக்காடு, அதாவது 187 டாலர். 2025 தொடக்கத்திலிருந்து ரிசார்ட்டுகளில் ஆளுக்கு ஓரிரவுக்கு 12 டாலர் பசுமை வரி, இருவருக்கு 24. மொத்தம் 1,311 டாலரில் அரசுக்கு நேரே டாலராகப் போய்ச் சேரும் வரி 211. ஊழியர்கள் பகிர்ந்துகொள்ளும் 100 டாலரில், வெளிநாட்டு ஊழியரின் பங்கில் பெரும்பகுதி அவருடைய ஊருக்குப் போய்விடும். எஞ்சிய 1,000 டாலரில் முகவரின் கமிஷன், நிர்வாக நிறுவனத்தின் கட்டணம், கடன் தவணை, உணவு, டீசல் ஆகியவற்றுக்கான பணம் மாலேயின் வங்கிகளைத் தொடாமலே கைமாற முடியும். பயணி பாரிஸிலேயே முகவரிடம் பணம் கட்டிவிடுகிறார். ரிசார்ட் உரிமையாளரின் கணக்கு சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கலாம். இதில் சட்டமீறல் எதுவும் இருக்க வேண்டிய கட்டாயம்கூட இல்லை.

வரி இந்த அளவுக்கு உயர்ந்ததும் அண்மைக் காலத்தில்தான். 2011 வரை ரிசார்ட்டுகளிடமிருந்து அரசுக்கு முக்கியமாகக் கிடைத்தவை தீவுக் குத்தகையும், ஒரு படுக்கைக்கு நாளொன்றுக்கு 8 டாலர் வரியும்தான். அறை 50 டாலருக்குப் போனாலும் 5,000 டாலருக்குப் போனாலும் அதே 8 டாலர். 2011-இல் சுற்றுலா மீதான சரக்கு, சேவை வரி 3.5 விழுக்காட்டில் தொடங்கிப் படிப்படியாக 17-க்கு வந்திருக்கிறது. நாற்பது ஆண்டுகள் இந்த வரி இல்லாமல் இருந்ததுதான் என் பார்வையில் மாலத்தீவு செய்த பெரிய பிழை.

டீசலைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஏறக்குறைய ஒவ்வொரு தீவும் தனக்கான மின்சாரத்தைத் தானே எடுக்கிறது. பெரும்பாலும், இணைத்துக் கம்பி இழுக்கும் தொலைவில் அடுத்த தீவு இல்லை. குடிநீரும் பெரும்பாலும் கடல்நீரைச் சுத்திகரித்து எடுப்பது. அதற்கும் அந்த மின்சாரமே வேண்டும். 2014 டிசம்பரில் மாலேயின் சுத்திகரிப்பு நிலையத்தில் தீப்பிடித்தபோது, இந்தியா விமானத்திலும் போர்க்கப்பலிலும் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருந்தது. பயணி குளிக்கும் நீருக்குள்ளும் இறக்குமதி எண்ணெய் இருக்கிறது. எண்ணெய் விலை ஏறும் ஆண்டுகளில், பயணிகள் குறையாமலே அந்த நாட்டின் டாலர் கரைவது இதனால்தான்.

ஆனால் பழி முழுவதையும் டாலர் இப்படி வெளியே கசிவதன் மேல் போட்டால் அது பாதி உண்மையாகவே நிற்கும். பாலங்கள், விமான நிலைய விரிவாக்கம், கடலைத் தூர்த்து நிலமாக்கல், அடுக்குமாடி வீடுகள் என்று அரசு கடந்த பதினைந்து ஆண்டுகளாக வெளிக்கடனில் கட்டிக்கொண்டே போனது. சிமெண்டும் இரும்பும் இயந்திரமும் இறக்குமதி. ஒப்பந்தக்காரர்களில் பலர் வெளிநாட்டவர். கடனைத் திருப்ப வேண்டியது டாலரில். எண்ணெய்க்கும் உணவுக்கும் மானியம் வேறு. பொதுக்கடன் நாட்டின் ஆண்டு உற்பத்தியையே மிஞ்சியது. 2024-இல் தர மதிப்பீட்டு நிறுவனங்கள் நாட்டின் கடன் மதிப்பை இறக்கியபோது, 2021-இல் விற்ற சுகூக் (இஸ்லாமிய முறைக் கடன்) பத்திரங்களுக்கான தவணையைக் கட்டுமா என்றே சந்தை சந்தேகப்பட்டது. நீங்கள் குறிப்பிடும் 40 கோடி டாலரும், அதோடு 3,000 கோடி ரூபாயும், அந்த அக்டோபரில் இந்திய ரிசர்வ் வங்கி ஒப்புக்கொண்ட நாணயப் பரிமாற்ற ஏற்பாடு. நன்கொடை அன்று, திருப்பித் தர வேண்டியது.

அதே மாதம் மாலத்தீவு ஒரு விதியைக் கொண்டுவந்தது. ரிசார்ட்டுகள் தங்களிடம் வரும் ஒவ்வொரு பயணிக்கும் 500 டாலர் வீதமும், சிறு விருந்தினர் விடுதிகள் 25 டாலர் வீதமும் உள்நாட்டு வங்கிகளில் அந்நாட்டு நாணயமான ருஃபியாவாக மாற்றியாக வேண்டும் என்பது அது. பின்னர் அது சில மாற்றங்களோடு சட்டமாகவும் ஆனது. ரிசார்ட் தரப்பு கடுமையாக எதிர்த்தது. ஒரு டாலருக்கு 15.42 ருஃபியா என்ற அரசு விலைக்கும் கறுப்புச் சந்தை விலைக்கும் பெரிய இடைவெளி இருக்கும்போது, அரசு விலையில் மாற்றச் சொல்வது மறைமுகமான வரிதான் என்ற அவர்களின் வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆயினும், நாட்டின் தீவையும் கடலையும் விற்று வரும் வருமானம் நாட்டின் வங்கி வழியே போக வேண்டும் என்று கேட்கும் உரிமை அந்த அரசுக்கு உண்டு என்றே நான் கருதுகிறேன். அந்த உரிமையைக் குத்தகை ஒப்பந்தங்களிலேயே எழுதி வைக்காமல், நெருக்கடி வந்த பிறகு விதியாகத் திணித்ததுதான் தவறு.

இதைவிட முக்கியமானது எனக்கு 2009-10-இல் நடந்த மாற்றம். அதுவரை பயணிகள் பெரும்பாலும் ஆளில்லாத் தீவுகளின் ரிசார்ட்டுகளில்தான் தங்க முடிந்தது. மக்கள் வாழும் தீவுகளில் பொதுவாக விடுதி நடத்த அனுமதி இல்லை. முகமது நஷீத் குடியரசுத் தலைவராக இருந்த காலத்தில் அந்தத் தடை நீங்கியது. காஃபு பவளத்திட்டைச் சேர்ந்த மாஃபுஷியில் இன்று தெருவுக்குத் தெரு விடுதிகள் இருக்கின்றன. அங்கே தங்குபவர் ரிசார்ட் பயணி செலவழிப்பதில் ஒரு சிறு பங்கையே செலவழிக்கிறார். ஆனால் அவரை ஏற்றிச் செல்லும் படகு, அவர் சாப்பிடும் கடை, துணி வெளுக்கும் இடம், முக்குளிக்கக் கற்றுக்கொடுப்பவர் எல்லாம் அந்த ஊர்க்காரர்களாக இருக்க முடியும். விடுதி வீட்டுக்கு அருகில் இருப்பதால் பெண்களும் வேலைக்குப் போக முடிகிறது. தனித் தீவு ரிசார்ட்டுகளில் வேலை செய்யும் மாலத்தீவுப் பெண்கள் இன்றும் மிகக் குறைவு. மாதக்கணக்கில் குடும்பத்தைப் பிரிந்து ஊழியர் குடியிருப்பில் தங்குவதைப் பெரும்பாலான குடும்பங்கள் ஏற்பதில்லை. 2022 கணக்கெடுப்பின்படி நாட்டில் வசிக்கும் சுமார் 5,15,000 பேரில் 1,32,000 பேர் வெளிநாட்டினர். வெளியிலிருந்து ஆள் வரவழைக்கும் அதே நாட்டில், படித்த உள்ளூர்ப் பெண்களுக்கு எட்டாத இடத்தில் வேலை இருப்பதை நினைத்தால் மனம் பொறுக்கவில்லை.

சேவையை நம்புவது சரியா என்று கேட்டிருந்தீர்கள். பொருள் உற்பத்தியையும் மாலத்தீவு முயன்று பார்த்தது. பணக்கார நாடுகள் ஒவ்வொரு நாட்டுக்கும் இவ்வளவு என்று ஆடை இறக்குமதியைப் பங்கிட்டு வைத்திருந்த காலத்தில், அந்தப் பங்குக்காக வெளிநாட்டார் அங்கே ஆடைத் தொழிற்சாலைகள் நடத்தினார்கள். 2004 முடிவில் அந்தப் பங்கீட்டு முறை முடிந்ததும் அவை மூடப்பட்டன. துணியும் நூலும் ஆளும் வெளியிலிருந்து வர, ஐந்து லட்சம் பேருள்ள சிதறிய தீவுக்கூட்டம் சீனாவோடும் பங்களாதேஷோடும் விலையில் போட்டியிட முடியாது. சேவையிலும் ஆபத்து உண்டு: 2020-இல் எல்லையை மூடிய அந்த ஆண்டு மட்டும் பொருளாதாரம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சுருங்கியது. ஒப்பந்தத்தை அவசரப்பட்டு முறிப்பதற்கும் விலை உண்டு: மாலே விமான நிலையத்தை நடத்த 2010-இல் இந்தியாவின் ஜி.எம்.ஆர். நிறுவனத்தோடு செய்த ஒப்பந்தத்தை 2012-இல் ரத்து செய்ததற்காக, நடுவர் மன்றத் தீர்ப்பின்படி 2016-இல் சுமார் 27 கோடி டாலர் கட்ட நேர்ந்தது. இவ்வளவுக்குப் பிறகும் அந்த நாட்டுக்கு வேறு வழி இருப்பதாக நான் நினைக்கவில்லை. கணக்காளர், சமையல் வல்லுநர், கடல் விமான ஓட்டி, படகு பழுது பார்ப்பவர் என்று சுற்றுலாவைச் சுற்றியுள்ள சேவைகளில் இன்னும் எத்தனையைத் தன் மக்களே செய்ய முடியும் என்பதுதான் அது எடுத்துக்கொள்ள வேண்டிய வேலை.

உங்கள் மைத்துனருக்கு ஒரு செய்தி. 2024 நவம்பரில் இந்திய ரிசர்வ் வங்கியும் மாலத்தீவு நாணய ஆணையமும், இரு நாட்டு வணிகத்தை ரூபாயிலும் ருஃபியாவிலும் தீர்த்துக்கொள்ள வழிசெய்யும் உடன்பாட்டில் கையெழுத்திட்டிருக்கின்றன. வெங்காயத்துக்கான பில்லை ரூபாயிலேயே போட முடியுமா என்று அவர் தம் வங்கியில் கேட்டுப் பார்க்க வேண்டும். ஆனால் மாலேயில் வாங்குகிறவருக்கு ரூபாய் கிடைக்க, அந்த நாட்டின் வங்கிகளில் ரூபாய் இருக்க வேண்டும். பரிமாற்ற ஏற்பாட்டின் 3,000 கோடிக்கு அப்பால், ரூபாய் அங்கே போய்ச் சேரும் இயல்பான வழி இந்தியப் பயணிகள்தான். 2023-இல் சுமார் 2.09 லட்சம் இந்தியர்கள் போனார்கள். இரு நாட்டு அரசியல் உரசலுக்குப் பின் 2024-இல் அது 1.3 லட்சமாகக் குறைந்தது. அந்த எண்ணிக்கை மீண்டும் ஏறுவதைப் பொறுத்தே, மாலே வியாபாரிகள் அவருக்கு ரூபாயில் உரிய நேரத்தில் பணம் தருவதும் எளிதாகும்.