சிப்ஸும் குளிர்பானமும்: ருசி கெடாமல் குறைப்பது எப்படி?

கேள்வி: என் பிள்ளைகள் இருவருக்கும் பள்ளி விட்டு வந்ததும் பாக்கெட் சிப்ஸும் குளிர்பானமும் வேண்டும். ‘உப்பு குறைவு’, ‘சர்க்கரை இல்லாதது’ என்று பார்த்து வாங்கினால் ‘நல்லாவே இல்லை’ என்று ஒதுக்கிவிடுகிறார்கள். என்ன செய்வது, டாக்டர்?

பதில்: ஒரே நாளில் மாற்றியதுதான் சிக்கல். நாக்கு பழக்கத்துக்குக் கட்டுப்பட்டது. உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால், சில வாரங்களில் பழைய அளவே கரிக்க ஆரம்பித்துவிடும்.

முதலில் குளிர்பானத்தைக் கவனியுங்கள். 330 மி.லி. கோலா டின்னில் சுமார் 35 கிராம் சர்க்கரை இருக்கிறது. கிட்டத்தட்ட 9 டீஸ்பூன். பெரியவர்களுக்கே நாளைக்கு 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அத்தனை இனிப்பு நமக்கு ஏன் உறைப்பதில்லை? ஜில்லென்று குடிப்பது ஒரு முக்கியக் காரணம். ஒரு டம்ளரில் ஊற்றி, குளிர்ச்சி போகும்வரை வெளியே வைத்துவிட்டு ஒரு வாய் குடித்துப் பாருங்கள், திகட்டும். அதனால் முதல் வாரம் மூன்று பங்கு பானத்துக்கு ஒரு பங்கு வெறும் சோடா கலந்து கொடுங்கள். அப்புறம் பாதிக்குப் பாதி. நாலு சொட்டு எலுமிச்சை பிழிந்தால் புளிப்பும் நுரையும் சேர்ந்து ருசியைக் காப்பாற்றிவிடும். இதற்குப் பதிலாகப் பாக்கெட் ஜூஸ் வேண்டாம். அதிலும் சர்க்கரை நிறையவே உண்டு. செயற்கை இனிப்பூட்டி சேர்த்த பானங்களை நான் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. இனிப்பு ஆசை அப்படியே இருந்துவிடும்.

சிப்ஸில் உப்பும் மசாலாவும் மேலேதான் ஒட்டியிருக்கும், விரலில் ஒட்டுமே அந்தத் தூள். சின்ன பாக்கெட் ஒன்றை, உப்பில்லாத பாப்கார்னோடு மூடி போட்ட டப்பாவில் கொட்டிக் குலுக்குங்கள். தூள் பாப்கார்னிலும் படியும். கிண்ணம் நிறைய சாப்பிட்டாலும் உள்ளே போகும் உப்பு குறைவு. நூடுல்ஸிலும் உப்பு பெரும்பாலும் மசாலா பாக்கெட்டில்தான். பாதியைப் போட்டு, மிளகுத்தூள் தூவுங்கள்.

வாங்கும்போது ‘ஒரு முறை பரிமாறும் அளவு’ என்பதை விட்டுவிட்டு 100 கிராமுக்கான கணக்கைப் பாருங்கள். சோடியத்தை 2.5 ஆல் பெருக்கினால் உப்பு. 600 மி.கி. சோடியம் என்றால் 1.5 கிராம் உப்பு. அதற்கு மேல் போனால் அதிகம்தான்.

வீட்டில் யாருக்காவது சிறுநீரகக் கோளாறு இருந்தால், பொட்டாசியம் கலந்த ‘குறைந்த சோடியம்’ உப்பை மருத்துவரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

சோடா கலப்பதைப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் செய்யாதீர்கள். அவர்களையே அளந்து கலக்கச் சொல்லுங்கள். தான் கலந்ததை எந்தப் பிள்ளையும் அவ்வளவு சுலபமாக ஒதுக்காது.