விளைதிறன் – கடிதம்

அன்புள்ள ஐயா,

அம்பாறை மாவட்டத்தில் அரச கணக்காய்வுப் பணியில் பதினொரு ஆண்டுகளாக இருக்கிறேன். செலவின் பலனை ஆராயும் செயலாற்றுகைக் கணக்காய்வை வெளிநாட்டில் சில மாதங்கள் தங்கிக் கற்கும் புலமைப்பரிசில் ஒன்றுக்கு விண்ணப்பிக்கும்படி மேலதிகாரி சொல்கிறார். திரும்பி வந்து செய்யவிருக்கும் ஒரு கணக்காய்வுக்கான முன்மொழிவையும் எழுத வேண்டும். தெரிவுக் குழுவைக் கவரும் என்று எண்ணி இலத்திரனியல் அரசாங்கம் பற்றி எழுதத் தொடங்கினேன். என் ஆங்கிலம் போதுமா? ஆறு வயது மகனை அம்மாவிடம் விட்டுச் செல்வது சரியா? பணக்கார நாட்டு முறை எங்கள் அலுவலகங்களுக்குப் பொருந்துமா? வினைத்திறன், விளைதிறன் என்று இரண்டு சொற்கள் எதற்கு என்றும் விளங்கவில்லை. என் வரைவில் இரண்டுக்கும் வினைத்திறன் என்றே போட்டிருக்கிறேன். நீங்களும் கணக்காய்வில் இருந்தவர் என்பதால் கேட்கிறேன்.

ஒரு வாசகி

அன்புள்ள மகளுக்கு,

உங்கள் கடிதத்தை நான் குருமண்வெளித் துறையில், வாவியைக் கடக்கும் மிதவைப் பாதைக்காகக் காத்திருந்தபோது வாசித்தேன். அக்கரையைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு நீர் மோட்டரின் நினைவு எனக்கு வரும். அதைப் பற்றி எழுத வேண்டும் என்று பல மாதங்களாக நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதம் அதற்கு வழிவிட்டது.

ஆங்கிலத்தைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. பதினொரு ஆண்டுகள் கணக்காய்வு ஐயவினா எழுதிய கைக்கு அது வந்துவிடும். மகனைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. ஆறு வயதுப் பிள்ளைக்கு அம்மா இல்லாத மாதங்கள் நீண்டவை. அதைச் சிறிது என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் உங்கள் அம்மா உங்களை வளர்த்தெடுத்தவர். அவரிடம் அனுமதி கேட்பதுபோல் கேட்காமல், துணை கேட்பதுபோல் கேளுங்கள்.

பணக்கார நாட்டு முறை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த முறை எந்தச் சூழலில் பிறந்தது என்று பார்த்தீர்களா? கனடாவின் கணக்காய்வாளர் தலைமை அதிபதியாக இருந்த ஜேம்ஸ் மக்டொனல், பொதுப்பணத்தின் மீதான கட்டுப்பாட்டை நாடாளுமன்றமும் அரசாங்கமும் இழந்துவிட்டன அல்லது இழக்கும் நிலையில் இருக்கின்றன என்று 1976ஆம் ஆண்டு அறிக்கையில் எழுதினார். அடுத்த ஆண்டே, பணம் சிக்கனமாகவும் வினைத்திறனோடும் செலவிடப்பட்டதா, திட்டங்களின் விளைவை அளக்க வழி செய்யப்பட்டிருக்கிறதா என்று கேட்கும் அதிகாரத்தை அந்த அலுவலகத்துக்குச் சட்டம் வழங்கியது. அதே 1977இல் உலக நாடுகளின் கணக்காய்வு நிறுவனங்கள் லிமா நகரில் கூடி, நிதிக் கணக்காய்வுக்கு நிகரான முக்கியத்துவம் செயலாற்றுகைக் கணக்காய்வுக்கும் உண்டு என்று பிரகடனம் செய்தன. பிற நாட்டுக் கணக்காய்வாளர்களை அழைத்துப் பயிற்றும் திட்டங்களை அமெரிக்கா 1979இலும் கனடா 1980இலும் தொடங்கின. வீட்டுக் கணக்கு கைமீறிப் போகிறது என்று பயந்தவர்கள் கண்டெடுத்த முறை இது. அந்தப் பயம் நமக்கு இல்லையா? இங்கும் 2018ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தேசிய கணக்காய்வுச் சட்டம் இருக்கிறது. பொருந்துமா என்ற கேள்விக்கு இவ்வளவு போதும்.

நான் உங்களைக் கண்டிக்க வேண்டிய இடம் வேறு. இரண்டு சொற்களுக்கும் வினைத்திறன் என்றே போட்டேன் என்று எவ்வளவு சாதாரணமாக எழுதிவிட்டீர்கள்! உங்கள் தொழிலின் உயிரே அந்த ஒரு எழுத்தில் இருக்கிறது, மகள். வினைத்திறன் என்பதில் வினை பெயர்ச்சொல். அதனால்தான் நடுவே த் மிகுகிறது. செய்யும் வேலையின் திறன் அது: இட்ட பணத்துக்கும் நேரத்துக்கும் எவ்வளவு வேலை நடந்தது என்று கேட்பது. விளைதிறன் வினைத்தொகை, அங்கே ஒற்று மிகாது. விளைந்த திறன், விளைகின்ற திறன், விளையும் திறன் என்று மூன்று காலமும் அதற்குள் மறைந்திருக்கின்றன. வேலை முடிந்த பிறகு என்ன விளைந்தது, இன்றும் விளைகிறதா, இனியும் விளையுமா என்று கேட்பது அது. வேளாண்மை செய்யும் ஊரில் பிறந்த உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியிருக்கிறதே. உழவு இயந்திரம் ஒரு நாளில் எத்தனை ஏக்கர் உழுதது என்பது வினைத்திறன். களவெட்டியில் பொலி எவ்வளவு என்பது விளைதிறன். உழவுக் கூலிச் சிட்டையைக் காட்டி நெல் கேட்டால் எந்தப் போடியாராவது தருவாரா?

இந்த வேறுபாட்டை நான் படித்தது பயிற்சி வகுப்பில் அல்ல. 2003ஆம் ஆண்டு, போர்நிறுத்த காலம். வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் ஒரு பாடசாலைக்கு நீர்த்தாங்கியும் மோட்டரும் குழாய்களும் அமைத்த கோவை என் மேசைக்கு வந்தது. விலைமனுக்கள் மூன்று இருந்தன. வேலை நிறைவுச் சான்றிதழ் இருந்தது. தாங்கியின் முன் அதிபர் நிற்கும் புகைப்படமும் இருந்தது. நிதிப் பிரமாணங்களில் ஒன்றுகூட மீறப்படவில்லை. வரிக்கு வரி சரி அடையாளம் இட்டு மூடினேன்.

இரண்டு ஆண்டுகளுக்குப் பின் வேறொரு வேலையாக மண்முனைத் துறையில் பாதை ஏறி அந்தப் பக்கம் போனேன். அப்போது அங்கே பாலம் இல்லை. அது திறக்கப்பட்டது 2014இல்தான். கடும் வெயில். அந்தப் பாடசாலையில் தண்ணீர் கேட்டேன். ஒரு சிறுமி செம்பை எடுத்துக்கொண்டு நீர்த்தாங்கியைக் கடந்து, வேலியைக் கடந்து, மூன்று வளவுக்கு அப்பால் இருந்த கிணற்றுக்கு ஓடினாள். தாங்கியின் அடியில் நான்கு குழாய்வாய்கள் இருந்தன. கடையில் சுற்றிக் கொடுத்த பொலித்தீன் அவற்றில் அப்படியே இருந்தது. ஒன்றின் மேல் குளவி மண்கூடு கட்டியிருந்தது.

அதிபர் என்னை அறைக்குள் அழைத்துச் சென்று அலுமாரியைத் திறந்தார். கீழ்த்தட்டில் பெட்டி பிரிக்காத மோட்டர். “வருசா வருசம் வந்து எண்ணிட்டுப் போறாங்க ஐயா. மோட்டர் பத்திரமா இரிக்கு” என்றார். பொருட்பதிவேட்டையும் காட்டினார். ஒவ்வொரு ஆண்டும் ‘உண்டு’ என்று எழுதிக் கையொப்பம் இடப்பட்டிருந்தது. அந்தக் கிராமத்துக்கு மின்சாரம் வந்திருக்கவில்லை. மோட்டர் வாங்கிய அலுவலகம் மின்சாரம் வரும் என்று எண்ணியிருந்தது. மின்சாரம் கொடுக்க வேண்டியவர்களுக்கு மோட்டர் வாங்கியதே தெரியாது. எவரும் ஒரு சதம் திருடவில்லை. கோவையில் நான் கண்டதெல்லாம் உண்மை. அந்தச் சிறுமி கொண்டுவந்த தண்ணீரைக் குடிக்கும்போது எனக்குத் தொண்டை அடைத்தது.

நீங்கள் கற்கப்போகும் கணக்காய்வு, பிள்ளைகள் குழாயில் தண்ணீர் குடிக்கிறார்களா என்ற கேள்வியில் தொடங்கும். எப்படி இருந்திருக்க வேண்டும், எப்படி இருக்கிறது, ஏன் அப்படி ஆயிற்று, அதனால் யாருக்கு என்ன நேர்ந்தது என்று நான்கையும் ஆதாரத்தோடு கோக்கப் பழக்குவார்கள். இவற்றில் மூன்றாவதுதான் கடினம். எவர் பிழை என்று தேடிப் பழகிய நமக்கு, எதனால் பிழை என்று தேடத் தெரிவதில்லை. இரண்டு அலுவலகங்களின் திட்டங்கள் ஒன்றையொன்று காணாமல் போனதை எந்த வவுச்சரும் சொல்லாது. இரண்டு இடத்துக்கும் போய்க் கேட்க வேண்டும். அதை ஒழுங்காகச் செய்யும் பழக்கத்துக்காகவாவது நீங்கள் போக வேண்டும்.

உங்கள் முன்மொழிவு என்னைக் கோபப்படுத்தியது. இலத்திரனியல் அரசாங்கத்தை ஆராய வேண்டியவர்கள் ஆராயட்டும். அதில் உங்கள் மனம் இல்லை என்பது அந்த வரியிலேயே தெரிகிறது. குழுவைக் கவர வேண்டும் என்று தலைப்பைத் தேடியவர், அமைச்சைக் கவர வேண்டும் என்று முடிவையும் எழுதுவார். உங்கள் மாவட்டத்தில் தலைப்புக்குப் பஞ்சமா? அக்கரைப்பற்று நுரைச்சோலையில், சுனாமியில் வீடிழந்தவர்களுக்கென்று சவூதி நிதியில் கட்டிய 500 வீடுகள் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் ஆண்டுக்கணக்காக ஆளில்லாமல் கிடந்ததை அந்த வழியால் போன எல்லோரும் பார்த்தோம். சுவர் இருந்தது, கூரை இருந்தது, குடியிருப்பு விளையவில்லை.

அதைவிட எனக்கு நெருக்கமானது கல்லோயா நீர்ப்பாசனத் திட்டம். 1949இல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் பலன் செலவுக்கு ஈடாகவில்லை என்று 1970இல் வெளியான மதிப்பீட்டுக் குழுவின் அறிக்கை சொன்னது. பிறகு 1981ஆம் ஆண்டுச் சிறுபோகத்தில் அதன் நீர்த்தேக்கமான சேனாநாயக்க சமுத்திரம் கால்பங்கே நிறைந்திருந்தபோது, இடதுகரையில் வேறொன்று நடந்தது. கமநல ஆராய்ச்சி, பயிற்சி நிறுவகம் அனுப்பிய இளம் பட்டதாரிகள் விவசாயிகளோடு தங்கினார்கள். பல ஆண்டுகளாகத் தூர்ந்து கிடந்த வயல் வாய்க்கால்களை விவசாயிகளே வெட்டித் துப்புரவு செய்தார்கள். முறை வைத்து நீர் பாய்ச்சினார்கள். மிச்சம் பிடித்த நீரைத் தலைப்பகுதிச் சிங்கள விவசாயிகள் கடைசிப் பகுதித் தமிழ் விவசாயிகளுக்கு விட்டார்கள். வாய்க்காலில் எத்தனை மைல் கொங்கிரீட் போட்டார்கள் என்று மட்டும் எண்ணும் கணக்காய்வாளருக்கு இது கண்ணில் படவே படாது. கடைசி வயலில் நின்று தலைவாய்க்காலை நோக்கி நடப்பவருக்கு எல்லாம் தெரியும்.

ஆகவே இலத்திரனியல் வரைவை ஒதுக்கிவையுங்கள். உங்கள் ஊருக்குக் கிட்டிய, அண்மையில் புனரமைத்த ஒரு வாய்க்காலைத் தெரிவு செய்யுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகனையும் கூட்டிக்கொண்டு அதன் கடைசி வயலுக்குப் போங்கள். வாய்க்கால் நீரைப் பங்கிடும் வட்டவிதானையாரிடம் கேட்டால் வழி சொல்வார். அந்த வயல் யாருடையது, போன சிறுபோகத்தில் எத்தனை முறை தண்ணீர் வந்தது, எத்தனை மூட்டை கண்டார் என்று ஒரு பக்கம் தமிழில் எழுதி எனக்கு அனுப்புங்கள். விண்ணப்ப முடிவுத் திகதியை நீங்கள் எழுதவில்லை. அதற்கு இரண்டு கிழமை முன்னராவது அந்தப் பக்கம் என் கைக்கு வர வேண்டும். ஆங்கிலத்தில் ஆக்குவதற்கு நானும் உங்களோடு உட்காருகிறேன்.