சூரியன் ஹைட்ரஜன் குண்டா? கண்காட்சி நடுவரிடம் என்ன சொல்லலாம்

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி அறிவியல் கண்காட்சிக்குச் சூரியன் மாடல் செய்கிறாள். சார்ட்டில் 'சூரியன் ஓயாமல் வெடிக்கும் ஹைட்ரஜன் குண்டு' என்று எழுதியிருக்கிறோம். சரியா? எங்களுக்கு ராதாபுரம் பக்கம். நடுவர் கண்டிப்பாகக் கூடங்குளம் அணு உலையை இழுப்பார். என்ன பதில் சொல்வது?

பதில்: முதல் வேலையாக அந்தக் குண்டு வரியை அழித்துவிடுங்கள். பல புத்தகங்களிலும் இருக்கிற வரிதான், ஆனால் சூரியனின் குணத்துக்கே நேர் எதிரானது.

சூரியனின் மையத்தில் ஒரு கன மீட்டர் எடுத்துக்கொண்டால், அது தரும் வெப்பம் முந்நூறு வாட்கூடத் தேறாது. நம் தோட்டத்து எருக்குழி மக்கும்போது வருகிற சூடு அளவுதான். கூடங்குளம் உலையின் மையத்தில் அதே ஒரு கன மீட்டர் சுமார் 10 கோடி வாட் வெப்பம் தரும்! சூரியனின் பலம் அதன் பருமன். அவ்வளவு பெரிய இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வருவதெல்லாம் சேர்ந்துதான் நம் சித்திரை வெயில்.

ஏன் இவ்வளவு மந்தம்? மையத்தில் வெப்பம் சுமார் 1.5 கோடி டிகிரி. அங்கே ஹைட்ரஜனின் கருவான புரோட்டான்கள் தறிகெட்டு ஓடுகின்றன. எல்லாம் நேர்மின்னூட்டம் உள்ளவை என்பதால் ஒன்றையொன்று தள்ளும். அந்தத் தடையைத் தாண்ட அந்த வெப்பம்கூடப் போதாது. குவாண்டம் விதிகள் அனுமதிக்கிற ஒரு குறுக்கு வழியில் எப்போதாவது ஒன்று ஊடுருவிப் போகும். அப்படிப் போனாலும், இரண்டில் ஒரு புரோட்டான் அந்த நொடிப்பொழுதில் நியூட்ரானாக மாறினால்தான் ஜோடி ஒட்டும். இது மகா அபூர்வம். ஒரு புரோட்டானுக்கு இந்த வாய்ப்பு கிடைக்கச் சராசரியாகப் பல நூறு கோடி ஆண்டுகள் ஆகும். சூரியன் 460 கோடி ஆண்டுகளாகத் தாக்குப்பிடித்திருப்பதும், இன்னும் சுமார் 500 கோடி ஆண்டு ஓடப்போவதும் இந்த முதல் படியின் தயவில்தான்.

அப்புறம் நடப்பதெல்லாம் இதோடு ஒப்பிட்டால் வேகம். அப்படி ஒட்டிய ஜோடிதான் டியூட்டீரியம்; அது சில நொடிகளில் இன்னொரு புரோட்டானைப் பிடித்து ஹீலியம்-3 ஆகும். இரண்டு ஹீலியம்-3 மோதினால் ஒரு ஹீலியம்-4, கூடவே இரண்டு புரோட்டான்கள் திரும்பி வரும். சார்ட்டில் நான்கு புரோட்டான்கள் ஒரே நேரத்தில் முட்டுவதுபோல் வரைய வேண்டாம். ஆறு பாசிமணி வைத்து, இரண்டு திரும்பி வருவதாகக் காட்டச் சொல்லுங்கள்.

நான்கு புரோட்டான்களின் எடையைவிட அவற்றிலிருந்து உருவாகும் ஹீலியத்தின் எடை 0.7 சதவீதம் குறைவு. அந்தக் குறைதான் ஆற்றல். நொடிக்குச் சுமார் 60 கோடி டன் ஹைட்ரஜன் ஹீலியமாகிறது. அதில் 40 லட்சம் டன் ஆற்றலாகக் கரைந்துபோகிறது.

நிலக்கரி போல எரிகிறது என்று யாராவது சொன்னால்? சூரியன் முழுக்க நிலக்கரியாக இருந்து, ஆக்சிஜனும் தாராளமாகக் கிடைத்தால்கூட சுமார் 5,000 ஆண்டுதான் தாங்கும். நம் சிவகளை அகழாய்வில் கிடைத்த இரும்புக்கே வயது 5,300 ஆண்டு வரை என்கிறது தமிழக அரசின் 2025-ஆம் ஆண்டு அறிக்கை.

சரி, கூடங்குளம். அங்கே யுரேனியம் பிளக்கிறது, சூரியனில் ஹைட்ரஜன் இணைகிறது. இரும்பைவிட மிக லேசான கருக்கள் இணைந்தால் லாபம், மிகக் கனமானவை பிளந்தால் லாபம். உலையில் ஒரு பிளவிலிருந்து வரும் நியூட்ரான் அடுத்த பிளவைத் தூண்டும். அந்தத் தொடரை அடக்கக் கட்டுப்பாட்டுத் தண்டுகள் வேண்டும். சூரியனில் அப்படித் தொடர்வினை கிடையாது. மையம் கொஞ்சம் கூடுதலாகச் சூடானால் விரிந்து குளிர்ந்து, இணைவு தானாகக் குறையும். குறைந்தால் ஈர்ப்பு விசை அமுக்கி மறுபடி சூடாக்கும். 'ஏன் வெடிக்கவில்லை' என்று நடுவர் கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

மாடலில் ஒரு திருத்தம். இணைவு நடப்பது மையத்திலிருந்து சுமார் கால் பங்கு ஆரம் வரைதான். தெர்மோகோல் பந்து 40 செ.மீ. விட்டம் என்றால், நடுவில் 10 செ.மீ. உருண்டைக்குள் மட்டும் பல்பை வையுங்கள். மேலே சீரியல் செட் சுற்ற வேண்டாம். 5,500 டிகிரி உள்ள மேற்பரப்பில் இணைவு எதுவும் நடப்பதில்லை.